களத்தில் சொல்லக்கூடாத சொல்

நான் மெய்யியல் படித்தவன். இப்படிச் சொன்னதும் சிலர், "அதைப் படிச்சால் என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்பார்கள். மற்றவர்கள் பாவம் பார்த்துக் கேட்காமல் விடுவார்கள். என் அக்கா முதல் வகை, அத்தான் இரண்டாம் வகை. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் பட்டத்தோடு வந்து இறங்கிய எனக்கு கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே மெய்யியலுக்கு ஆள் தேவைப்படவில்லை. கணக்குப் படிப்பிக்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது, அதற்குள் என்னைத் தள்ளிவிட்டார்கள். அக்காவும் அத்தானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உருத்திரபுரத்தில் அரசாங்கக் குடியேற்றக் காணி எடுத்து வயல் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடும் படுக்கையும், அக்காவின் ஏச்சும்.

ஏச்சுக்குக் காரணம் என்னுடைய ஒரு பழக்கம். யார் எதைக் கேட்டாலும் "இருக்கலாம்" என்பேன். கறியில் உப்புக் கூடவோ? இருக்கலாம். இன்றைக்கு வெள்ளிக்கிழமையோ? இருக்கலாம். இது திமிர் இல்லை. அறிவு என்பது இலேசில் கைக்குள் வருகிற சாமான் இல்லை, கண்ணும் காதும் மனிதனை ஏமாற்றும் என்று நான் நாலு வருடம் படித்தவன். அத்தானுக்கும் இதை ஒருநாள் விளக்கினேன். வாய்க்காலுக்குள் நின்றுகொண்டு மண்வெட்டியைத் தண்ணீருக்குள் விட்டு, "அத்தான், பிடி வளைஞ்சு தெரியுது, பாத்தியளோ? வளைஞ்சதோ நிமிந்ததோ, எது உண்மை எண்டு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"எதெண்டாலும் வெட்டு. தண்ணி அங்காலை போகுது" என்றார் அவர்.

சந்தேகம் எனக்குத் தொழில் என்றால் பயம் எனக்கு வியாதி. பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு வரைவிலக்கணம் வரும். பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டு, "ஏன் மாஸ்டர் பிந்தி வந்தனீங்கள்?" என்று கேட்டால், பிந்துதல் என்றால் என்ன என்று தொடங்கிவிடுவேன். நிறுத்தவும் தெரியாது. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், என் கலியாணம் இதில்தான் மாட்டுப்பட்டது.

காலையில் நான் போகிற பஸ்ஸில் ஒரு தையல் ரீச்சர் ஏறுவார். வேறு பள்ளிக்கூடம். இருக்கிற சனத்துக்குள்ளே வழி எடுப்பதற்கு அவர் கைக்கொண்ட முறை மிகவும் எளிமையானது. குடையை முன்னுக்கு நீட்டிக்கொண்டு நடப்பார். குடை நுனி எவர் முழங்காலில் பட்டதோ அவர் விலகுவார். கொண்டக்டரும் விலகுவார். என் முழங்காலில் அது பட்ட முதல் நாள் நான் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். இந்த பஸ் கனவாக இருக்கலாம். வெளியே தெரிகிற பனையும் வெளியும் மாயையாக இருக்கலாம். ஆனால் முழங்கால் நோகிறது, இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நாலு வருடப் படிப்பில் கிடைக்காத உறுதியான அறிவு ஒன்று அன்று ஒரு குடை நுனியில் கிடைத்தது. அடுத்த நாள் நான் வேண்டுமென்றே நடைபாதைப் பக்கமாகக் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன்.

ஒரு மாதத்துக்குள் அக்கா எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள். ரீச்சரின் தகப்பன் நாலு வயல் தள்ளிக் காணி வைத்திருந்தவர், அவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்தான். சாதகம் பொருந்தியது. பெண் பார்க்கப் போனோம். பலகாரம் வந்தது, ரீச்சர் வந்தார், குடை இல்லாமல் அவரைப் பார்ப்பது புதிதாக இருந்தது. தகப்பன் மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "தம்பி, எங்கடை பிள்ளையைப் பிடிச்சிருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றால் முடிந்தது. ஓர் உயிர், ஒரு மெய். ஆனால் எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"பிடிப்பு எண்டால் என்ன எண்டு முதலிலை நாங்கள் தெளிவாக்க வேணும், ஐயா" என்றேன். "நாங்கள் பாக்கிறது ஒராளின்ரை தோற்றத்தை மட்டும்தான். தோற்றத்துக்குப் பின்னாலை ஆள் இருக்கிறாரோ எண்டது..."

அக்கா என் காலை மிதித்தாள். அந்த மிதிக்கும் சேர்த்து நான் ஓர் உதாரணம் சொன்னேன். தகப்பன் மெல்லத் திரும்பித் தன் மகளைப் பார்த்தார், அங்கே ஆள் இருக்கிறாளோ என்று சரிபார்ப்பவர் போல. ரீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அழுகிறாரோ சிரிக்கிறாரோ என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாளே சொல்லி அனுப்பிவிட்டார்கள், பெடியனுக்கு விருப்பம் இல்லைப்போலை கிடக்கு, நாங்கள் வேறை இடம் பாக்கிறம் என்று.

அக்கா அன்று என்னை ஏசியதை எழுதினால் அச்சுக்காரர் அடிக்கமாட்டார். "ஓம் எண்டு சொல்ல உனக்கு வாய் நோகுதோ? ஊமையெண்டாலும் தலையை ஆட்டியிருப்பான்!" என்பது அதில் மிக மென்மையான பகுதி. நான் தின்னாமல் கிடந்தேன். சந்தேகவாதிக்கு எதிலும் சந்தேகம் வரவேண்டும், ஆனால் எனக்கு அந்த ரீச்சர் வேண்டும் என்பதில் ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. படித்ததற்கு மாறாக நடந்துகொள்கிறோமே என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன்.

மாசி மாதம் சூடு மிதிப்புத் தொடங்கியது. வெட்டிக் குவித்த நெற்கதிரைக் களத்தில் பரப்பி, மாடுகளைச் சுற்றிச் சுற்றி நடத்தி நெல்லைப் பிரிக்கிற வேலை. ஒருவர் சூட்டுக்கு மற்றவர் போய் உதவுவது வழக்கம். அத்தான் ரீச்சர் வீட்டுச் சூட்டுக்குப் போகவேண்டிய நாள் ஒரு சனிக்கிழமை. அக்கா என்னையும் கூடப் பிடித்து அனுப்பினாள். "போய் ஒரு மனிசன் மாதிரி வேலை செய். வாயைத் திறக்காதை. அந்தாளுக்கு மனம் மாறும்."

சைக்கிள் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு போகிற வழியில் அத்தான் களத்துச் சட்டங்களைச் சொன்னார். இந்த வன்னிப் பக்கத்துப் பழைய குடிகள் களத்தில் சில சொற்களைச் சொல்லமாட்டார்கள். பூதங்கள் காது கொடுத்துக்கொண்டிருக்குமாம், குறைகிற சொல் ஒன்று காதில் விழுந்தால் நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடுமாம். ரீச்சரின் தகப்பன் வன்னிக்கு வந்த பிறகுதான் இதைப் பிடித்துக்கொண்டவர். அதனால் பழைய ஆட்கள் தப்பித் தவறி விட்டாலும் இவர் விடமாட்டார்.

"இல்லை எண்டு சொல்லக்கூடாது. வேண்டாம் எண்டு சொல்லக்கூடாது. காணும் எண்டு சொல்லக்கூடாது" என்றார் அத்தான். போதும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் 'காணும்' என்போம். "முடிஞ்சுது, குறைஞ்சுது, போறன், ஒண்டும் வாயிலை வரக்கூடாது. எவ்வளவு எண்டு கேக்கக்கூடாது. எண்ணக்கூடாது."

"அப்ப என்னத்தைக் கதைக்கிறது?"

"கதையாதை எண்டுதானே உன்ரை அக்கா சொன்னவா."

பூதம் உண்டு என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கவில்லை. இல்லை என்பதற்கும் இருக்கவில்லை. நேர்மையான சந்தேகவாதி இந்த இடத்தில் பூதத்துக்கும் மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வாயை இறுக்கிக்கொண்டு களத்துக்குள் இறங்கினேன்.

தகப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, வந்தவனை உபசரிக்கவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கேத்தலை எடுத்துவந்து மூக்குப்பேணியில் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். குடித்தேன். "இன்னும் ஊத்தட்டோ?" என்றார். காணும் என்று சொல்லக்கூடாது. வேண்டாம் என்றும் சொல்லக்கூடாது. குடித்தேன். மறுபடியும் ஊற்றினார். பேணியைக் கையால் மூடினால் என்ன என்று யோசித்தேன், ஆனால் மூடுவதும் ஒரு மறுப்புத்தானே? பூதத்துக்குக் காது மட்டும்தான் உண்டு, கண் இல்லை என்று எந்த ஆதாரத்தில் சொல்வது? இப்படி யோசித்து முடிக்க முன்னம் பேணி நிறைந்துவிட்டது.

போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று சின்ன வயதில் படித்திருக்கிறோம். உலகத்தில் உள்ள ஞானிகள் எல்லாரும் சுற்றிச் சுற்றி இதைத்தான் சொல்கிறார்கள், மகிழ்ச்சி என்பது போதும் என்று சொல்லத் தெரிவது. எல்லாம் சரி. போதும் என்று சொல்லக்கூடாத இடத்தில் மகிழ்ச்சிக்கு என்ன வழி என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. கேத்தல் வெறுமையானதால் தப்பினேன். பேணியைக் கவிழ்த்து வைத்து "நிறைஞ்சுது" என்று சொல்லியிருந்தால் போதுமாம். எல்லாம் நடந்த பிறகு அத்தான் சொன்னார்.

இத்தனை தேத்தண்ணீரும் எங்கே போகும்? கொஞ்ச நேரத்தில் எனக்கு அவசரமாக ஒதுங்கவேண்டி வந்தது. போறன் என்று சொல்லக்கூடாது என்பதால், "வாறன் ஐயா" என்று சொல்லிக்கொண்டு களத்து வரம்பை நோக்கி நடந்தேன். நான் வேலைக்குத்தான் வருகிறேன் என்று நினைத்த தகப்பன், முகம் மலர்ந்து, கையில் ஒரு கம்பைத் தந்து மாடுகளுக்குப் பின்னால் விட்டுவிட்டார். அவர் முகம் மலர்ந்ததை நான் அன்றுதான் முதலில் கண்டேன். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பொலி, பொலி" என்று கத்தியபடி மாடுகளோடு சுற்றத் தொடங்கினேன்.

அப்போதுதான் ரீச்சர் சாப்பாட்டுக் கடகப் பெட்டியோடு வந்தார். பெண்கள் களத்துக்குள் கால் வைப்பதில்லை என்பதால் வரம்புக்கு வெளியே நின்றார். தகப்பனும் அத்தானும் களத்தின் மறுபக்கத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்கள். மாடுகள் என்னை அவர் நிற்கிற இடத்துக்குக் கொண்டுவந்தன.

"மாஸ்டர், உங்களிட்டை ஒண்டு கேக்கலாமோ?" என்றார் மெல்ல.

பதில் சொல்ல முன்னம் மாடுகள் அவரைக் கடந்து என்னைக் கொண்டுபோய்விட்டன. ஒரு சுற்றுப் போய் வந்து, "கேளுங்கோ" என்றேன். மறுபடியும் ஒரு சுற்று. திரும்பி வந்தபோது அவர் தயாராக நின்றார்.

"உங்களுக்கு என்னிலை விருப்பம் இல்லை எண்டு ஐயா சொன்னவர். மெய்யோ?"

மாடுகள் நடந்தன. எனக்கு யோசிக்க ஒரு முழுச் சுற்று இருந்தது, என் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக நான் யோசித்ததில்லை. ஓம் என்றால் விருப்பம் இல்லை என்று ஆகிவிடும். இல்லை என்றால் பூதம் நெல்லை எடுக்கும், தகப்பன் என்னை எடுப்பார். பொய் என்று சொல்லலாம். ஆனால் அது அவருடைய தகப்பனைப் பொய்யன் என்பதாகும். "அந்தக் கருத்து மீள்பரிசீலனைக்கு உரியது" என்று சொல்லலாம். அதற்கு ரீச்சர் குடையை எடுத்துவரப் போவார். விருப்பம் என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அக்காவும் சாகும்வரைக்கும் அதைத்தான் கேட்டாள். அந்தச் சுற்றில் தமிழில் அப்படி ஒரு சொல் இருப்பதே எனக்கு நினைவு வரவில்லை.

வயிறு வேறு வெடிக்கப் பார்க்கிறது. ரீச்சர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். மாடுகள் இந்த முறையும் அவரைக் கடந்து என்னைக் கொண்டுபோய்விட்டால் இனி அவர் நிற்கமாட்டார் என்று எனக்குப் பட்டது. இருக்கலாம் என்று கூடப் படவில்லை, நிச்சயமாகப் பட்டது.

"இல்லை!" என்று கத்தினேன். "இல்லை! இல்லவே இல்லை!"

மாடுகள் நின்றுவிட்டன. உதறிய வைக்கோல் அத்தானின் கையிலேயே நின்றது. பிறந்த நாள் தொடக்கம் ஒன்றையும் உறுதியாகச் சொல்லாத நான், முதன்முதலாக ஒன்றை உறுதியாகச் சொன்னேன், அதுவும் மூன்று தரம், அதுவும் உலகத்தில் எங்கே சொல்லக்கூடாதோ அங்கே. ரீச்சர் கடகத்தை வரம்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். தகப்பனுக்கு மகள் கேட்டது எதுவும் கேட்கவில்லை, நான் கத்தியது மட்டும்தான் கேட்டது. தலைத்துண்டைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். ஒரு தேங்காயை உடைத்தார், கற்பூரம் கொளுத்தினார், நாலு மூலைக்கும் தண்ணீர் தெளித்தார். பிறகு என் கையிலிருந்த கம்பை வாங்கிக்கொண்டு, களத்தை விட்டு இறங்கு என்பதுபோல, வெளியே தூரத்தில் நின்ற பாலை மரத்தைக் காட்டினார்.

நான் அதற்குப் பின்னாலே ஓடினேன். மகிழ்ச்சி என்பது துன்பம் நீங்குவதே என்று ஒரு கட்சி உண்டு. பரீட்சையில் அதை மறுத்து இரண்டு பக்கம் எழுதிப் புள்ளி வாங்கியவன் நான். பாலை மரத்தடியில் அந்த இரண்டு பக்கத்தையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

மகிழ்ச்சி அந்த மரத்தோடு சரி. மாலையில் அத்தான் கொண்டுவந்த செய்தி இது: விளைச்சல் குறைந்திருந்தால் அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கக்கூடாது. குறையாமல் இருந்தால் யோசிப்பார். என் கலியாணம் இப்போது ஒரு நெற்குவியலில் போய் நின்றது. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் காலை நன்றாக நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ரீச்சர் ஏறினார், முன்னுக்கே றைவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். குடை மடியில் கிடந்தது. குடை படாத முழங்கால் இவ்வளவு நோகும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

அங்கே தகப்பனின் பாடு என்னுடையதைவிட மோசம் என்று பிறகுதான் அறிந்தேன். நெல்லை அளந்து மூட்டை கட்டிவிட்டார். ஆனால் குறைந்ததா என்று எதோடு வைத்துப் பார்ப்பது? போன வருடத்தோடு பார்க்கலாம் என்றால், போன வருடம் வெள்ளம். பக்கத்து வயலோடு பார்க்கலாம் என்றால், அது வேறு விதைநெல். மூட்டையைப் பார்த்தால் நல்ல விளைச்சல்போல இருக்குமாம், கண்ணை மூடினால் பூதம் கடகத்தோடு போவது தெரியுமாம். சாப்பாடு இறங்கவில்லை. நெல்லுக் குறைந்திருந்தால் கூட மனிதன் அழுது ஆறியிருப்பார். குறைந்ததோ இல்லையோ என்பதுதான் அவரைத் தின்றது.

அந்தக் கிழமை முடிகிறபோது, ஞாயிற்றுக்கிழமை காலமை, அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்தார். அக்கா தேத்தண்ணீர் வைத்தாள், தொடவில்லை. என்னைத்தான் பார்த்தார். கண் இரண்டும் குழிவிழுந்து போயிருந்தது.

"தம்பி, நீர் பெரிய படிப்புப் படிச்சனீர் எண்டு சொல்லுகினம். ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லும். நீர் சொன்ன சொல்லாலை நெல்லுக் குறைஞ்சதோ, குறையேல்லையோ?"

அக்கா குசினி வாசலில் நின்று, தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, குறையேல்லை எண்டு சொல்லடா என்று வாயைத் திறக்காமல் கத்தினாள். அதைச் சொல்ல எனக்கும் ஆசைதான். ரீச்சர் அந்த ஒரு சொல்லுக்கு அங்கால்தான் நின்றார். ஆனால் எனக்குத் தெரியாததை ஒரு மனிதனின் கண்ணைப் பார்த்துத் தெரியும் என்று சொல்ல நா எழவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்கு என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

"ஐயா, குறைதல் எண்டால் என்ன?" என்று தொடங்கினேன். அக்கா தலையில் கை வைத்தாள். "குறைஞ்சுது எண்டு சொல்ல, முந்தி இருக்கவேண்டிய அளவு எவ்வளவு எண்டு தெரியவேணும். நான் அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? அது நடக்காத ஒரு சனிக்கிழமை, ஐயா. அதைப் போய்ப் பாத்து வர ஆராலும் ஏலாது. அதாலை எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

முற்றத்தில் ஒரு கோழி போய் வந்தது. நான் என் கலியாணத்துக்கு மனதுக்குள் கொள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆராலும் ஏலாதோ?" என்றார்.

"ஏலாது."

"அப்ப குறைஞ்சுது எண்டும் ஒருத்தனாலும் சொல்லேலாது?"

"சொல்லேலாது."

"பூதத்தாலையும்?"

"அதுக்கும் இதே கரைச்சல்தான், ஐயா. தான் எடுத்தது உங்கடை நெல்லோ எண்டு அதாலையும் நிச்சயமாச் சொல்லேலாது."

அவர் நெஞ்சிலிருந்து பெரிய மூச்சு ஒன்று வந்தது. தேத்தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். இன்னும் ஊத்தட்டோ என்று அக்கா கேட்க, "ஊத்து பிள்ளை" என்றார். இரண்டாவதையும் குடித்துவிட்டு எழும்பினார். "இந்தக் கதையை அண்டைக்கே களத்திலை சொல்லியிருந்தால் நான் ஒரு கிழமை நித்திரை கொண்டிருப்பன். சரி, பங்குனி போகட்டும். சித்திரையிலை நாளைப் பாப்பம்."

மெய்யியல் எதற்கு உதவும் என்று கேட்டவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே பதில் இதுதான். ஒருதரம், ஒரு மனிதனுக்கு நித்திரை வரப்பண்ணியது. அடுத்த நாள் பஸ்ஸில் குடை நுனி என் முழங்காலில் பட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே பட்டது, நான் "ஆ" என்றேன், கொண்டக்டர் சிரித்தார்.

கலியாணம் முடிந்து எத்தனையோ சூடுகள் மிதித்தாயிற்று. இன்றுவரை நான் அவளை ரீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் ஒரு விஷயம் என்னை நெடுநாள் அரித்துக்கொண்டிருந்தது. அவள் அந்தக் களத்தைப் பார்த்து வளர்ந்தவள். எந்தச் சொல் ஆகும், எந்தச் சொல் ஆகாது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். பாலை மரத்தடி இருந்தது, பஸ் இருந்தது, கேட்பதற்கு எத்தனை இடம் இருந்தது. இல்லை என்று சொன்னால் எல்லாம் போய்விடும் என்கிற அந்த ஒரே இடத்தில் என்னை நிறுத்தி வைத்து அந்தக் கேள்வியை ஏன் கேட்டாள்? எல்லாம் போனாலும் பரவாயில்லை என்று சொல்லுகிறேனா என்று பார்க்கவா?

ஒருநாள் பின்னேரம் கேட்டே விட்டேன். "ரீச்சர், உண்மையைச் சொல்லும். அண்டைக்கு வேணுமெண்டுதானே அந்த இடத்திலை வைச்சுக் கேட்டனீர்?"

அவள் கேத்தலைச் சரித்து என் பேணியை நிரப்பினாள். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

"இருக்கலாம்" என்றாள்.